மாய்மாலம்: நாம் சொல்வதும் இயேசு சொன்னதும்

ஞாயிறு பூசை முடிந்து கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஐயா ஒருவர், கையில் செபப்புத்தகத்தோடு, முச்சக்கரவண்டிக்காரருடன் ஐம்பது ரூபாய்க்காகக் கத்திக்கொண்டிருந்தார். தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இப்பதான் உள்ளுக்கு கையைக் கூப்பிப்போட்டு வந்தவர். எல்லாம் மாய்மாலம் தம்பி."

இந்தச் சொல்லை நாம் எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறோம். கோயிலுக்குப் போகிறவர் கோபப்பட்டால் மாய்மாலம். உபவாசம் இருக்கிற அக்கா ஊர்வம்பு பேசினால் மாய்மாலம். சபையில் கண்ணை மூடிக் கையை உயர்த்திப் பாடினாலும் மாய்மாலம்தான். "நான் கோயிலுக்குப் போறதில்லை, அங்க முழுக்கப் பரிசேயர்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. (பரிசேயர் என்பது இயேசு காலத்தில் யூதருக்குள் இருந்த ஒரு பக்தி இயக்கம். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நற்செய்தி நூல்களில் அவர் மிகக் கடுமையாகப் பேசிய இடங்களை எடுத்துப் பார்த்தால், பல இந்த ஒரு விஷயத்தைப் பற்றியவை. ஆனால் அவர் கண்டித்தது நாம் மேலே சொன்ன எதுவும் இல்லை. அது இன்னும் நுட்பமானது. பக்தி உள்ளவர்களுக்குத்தான் அது அதிக ஆபத்து. கிறிஸ்தவ வேதத்தை முன்பின் படிக்காதவருக்கும் புரியும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

நடிகன் என்ற சொல்

மாய்மாலம் செய்கிறவருக்கு, சீர்திருத்தச் (புரொட்டஸ்தாந்து) சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் "மாயக்காரர்" என்று இருக்கும். புதிதாக வாசிப்பவர் சிலர் இதை மந்திரவாதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கத்தோலிக்கர் இன்று வாசிக்கும் மொழிபெயர்ப்பில் "வெளிவேடக்காரர்" என்று வரும். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ஹுப்போகிரித்தேஸ். கிரேக்கர் நாடக மேடையில் முகமூடி அணிந்து நடிப்பவரை இந்தச் சொல்லால்தான் அழைத்தார்கள். அப்படியென்றால் மாயக்காரன் என்பவன் நடிகன்.

சரி, நடிப்பது பாவமா? தவக்காலத்தில் நம் பங்குகளில் திருப்பாடுகளின் நாடகம் போடுகிறார்களே. ஒருமுறை நாடகம் முடிந்த பிறகு பிலாத்துவாக நடித்தவர் முகத்தில் ஒப்பனையோடும் தோளில் சிவப்புத் துணியோடும் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவரைப் பொய்யன் என்று சொல்லவில்லை. இது நாடகம் என்று அவருக்கும் தெரியும், பார்த்த சனத்துக்கும் தெரியும். நாடகம் முடிந்தால் வேடம் கலைந்துவிடும்.

மாயக்காரனின் நாடகத்தில் இது இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது நாடகம் என்று தெரியாது. மேடைக்கும் வீட்டுக்கும் நடுவில் திரை கிடையாது. காலப்போக்கில் நடிப்பவருக்கே அது நாடகம் என்பது மறந்துபோகிறது. இந்தக் கடைசிக் கட்டம்தான் இயேசுவை அதிகம் கவலைப்படுத்தியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பற்றுச்சீட்டு

மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் இந்தப் பாடத்தின் நடு மையம். யூதப் பக்தியில் முக்கியமான மூன்று செயல்களை இயேசு எடுக்கிறார்: தர்மம், ஜெபம், உபவாசம். மூன்றும் நல்லவை. மூன்றையும் அவர் செய்யச் சொல்கிறார். "நீ தர்மம் செய்தால்" என்று அவர் சொல்லவில்லை, "செய்யும்போது" என்றுதான் பேசுகிறார். ஆனால் மூன்றிலும் ஒரே விதமான ஆளைக் காட்டுகிறார். தனக்கு முன்னே தாரை ஊதுவித்துத் தர்மம் செய்கிறவர், வீதிச் சந்தியில் நின்று ஜெபிக்கிறவர், உபவாசம் என்று தெரியும்படி முகத்தை வாடப்பண்ணுகிறவர். மூன்று பேரைப் பற்றியும் ஒரே தீர்ப்பு: "அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது."

இந்த "அடைந்து தீர்ந்தது" என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே உள்ள கிரேக்க வினைச்சொல் அக்காலக் கடைத்தெருவில் புழங்கியது. எகிப்து மணலில் கிடைத்த பழைய பப்பிரஸ் ஏடுகளில், பணம் முழுதாகக் கிடைத்துவிட்டது என்று எழுதிக் கொடுக்கும் இடத்தில் இதே சொல் வருகிறது. நம் பாஷையில் அது பற்றுச்சீட்டு. காசைக் கட்டியாயிற்று, சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது. அதே சீட்டைக் கொண்டுபோய் இன்னொரு கவுண்டரில் நீட்ட முடியாது.

இயேசு சொல்வது இதுதான். தர்மம் செய்தவர் கேட்டது மனிதரின் பாராட்டு. அது கிடைத்தது. யாரும் அவரை ஏமாற்றவில்லை, கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். கடவுளிடம் போய் நிற்க அவரிடம் பாக்கி ஒன்றும் இல்லை. இதைச் சாபம் என்று நினைக்கத் தேவையில்லை. கணக்கை வாசித்துக் காட்டுகிறார், அவ்வளவுதான். எனக்கு இதில் கோபத்தைவிடத் துக்கம்தான் அதிகம் கேட்கிறது. அவ்வளவு பெரிய செயலைச் செய்துவிட்டு இவ்வளவு சின்னக் கூலியோடு போகிறார்களே என்ற துக்கம்.

பிறகு மாற்று வழியைச் சொல்கிறார். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும். உபவாசம் என்றால் தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு. ஜெபம் என்றால் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு. அந்த அறைவீடு என்பது கிரேக்கத்தில் சாமான் வைக்கும் அறை. தானியமும் எண்ணெயும் இருக்கிற அந்த உள்ளறைக்குள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஒளிக்கவா, காட்டவா?

இங்கே கவனமாக வாசிக்கிறவர் ஒரு கேள்வி கேட்பார். இதே இயேசு, இதே மலைப்பிரசங்கத்தில், ஒரு அதிகாரம் முன்னால், மனிதர் கண்டு பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்று சொன்னாரே. அங்கே காட்டச் சொல்கிறார், இங்கே மறைக்கச் சொல்கிறார். எது சரி?

இரண்டு வசனத்திலும் "படி" "என்று" வரும் இடத்தைப் பாருங்கள். முதலாவதில் மனிதர் கண்டு பிதாவை மகிமைப்படுத்தும்படி. இரண்டாவதில் "மனுஷர் காணவேண்டுமென்று". மனிதர் காண்பது இரண்டிலும் உண்டு. முதலாவதில் பார்வை உங்களைத் தாண்டிப் போகிறது. இரண்டாவதில் உங்களோடு நின்றுவிடுகிறது. அவர் கேட்பது "யாராவது பார்த்தார்களா" என்றல்ல, "யார் பார்க்க வேண்டும் என்று செய்தாய்" என்றுதான்.

களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகும் காலங்களில் சபைகளிலிருந்து உலர் உணவுப் பொதி கொண்டு போவார்கள். படமும் எடுப்பார்கள். படம் எடுப்பதே மாய்மாலம் என்று நான் சொல்லமாட்டேன். காசு கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், மற்றவர்களும் கொடுக்க முன்வர வேண்டும். ஆனால் ஒரு பாட்டி பொதியை வாங்கிக்கொண்ட பிறகும், படம் சரியாக விழவில்லை என்று அதைத் திருப்பி வாங்கி மறுபடி கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவ இரண்டாவது தரமும் கை நீட்டினா. அந்த இரண்டாவது தரம் யாருக்காக?

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இயேசு கண்டித்த மாய்மாலம் என்பது, கடவுளுக்கென்று செய்ய வேண்டிய செயலில் பார்வையாளரை மாற்றிவிடுவது. செயல் அதேதான். கூலி கொடுப்பவர்தான் மாறிவிட்டார்.

தொங்கல் குற்றமில்லை, அதன் நீளம்தான்

வெளிப்படையான எந்தப் பக்தியும் வேண்டாம் என்று இயேசு சொன்னதாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். திருவிழா, பவனி, மெழுகுதிரி, முழந்தாள் எல்லாம் வெளிவேடம், மனதில் இருந்தால் போதும் என்பார்கள். நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை.

மத்தேயு 23ஆம் அதிகாரத்தில், பரிசேயர் தங்கள் ஆடைகளின் தொங்கல்களைப் பெரிதாக்குகிறார்கள் என்று கண்டிக்கிறார். யூத ஆண்கள் ஆடையின் ஓரத்தில் நூல் தொங்கல் வைப்பது கடவுளின் கட்டளைகளை நினைவில் வைக்க. அது மோசேயின் சட்டத்திலேயே இருக்கிறது. இப்போது அதே மத்தேயுவில் 9ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கால் வருந்திய பெண் பின்னால் வந்து இயேசுவின் ஆடையின் ஓரத்தைத் தொடுகிறாள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு இடத்தில் "ஓரம்", மற்ற இடத்தில் "தொங்கல்". கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல். இயேசுவும் தொங்கல் அணிந்திருந்தார்! ஒரு நோயாளிப் பெண் எட்டித் தொட்டது அதைத்தான். ஆகவே தொங்கல் தப்பில்லை. மற்றவர்களுடையதைவிட நீளமாக இருக்க வேண்டும் என்று அதை இழுத்ததுதான் தப்பு.

அதே அதிகாரத்தில் வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும்கூடத் தசமபாகம் கொடுக்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறார். தசமபாகம் என்றால் வருமானத்தில் பத்தில் ஒன்று. சமையலறைச் சரக்கைக்கூட எண்ணிப் பத்தில் ஒன்றை எடுத்துவைத்தவர்கள், நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டார்களாம். அப்படியானால் சீரகத்தை விட்டுவிடலாமா? இல்லை. இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடக்கூடாது என்று முடிக்கிறார். கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குவது என்ற படம் இதற்கு அடுத்த வரியில் வருகிறது. வடிகட்டுவதில் பிழையில்லை, ஒட்டகம் தொண்டைக்குள் போவது தெரியவில்லையே என்பதுதான் முறைப்பாடு.

அதே அதிகாரத்தில் மாயக்காரரை வெள்ளையடித்த கல்லறைக்கு ஒப்பிடுகிறார். அதற்கும் ஒரு விளக்கம் தேவை. நவம்பர் மாதம் 2ஆம் திகதி, மரித்த விசுவாசிகள் நாளில், பொறளை கனத்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். கல்லறையைக் கழுவி, சிலர் வெள்ளை பூசி, பூவும் மெழுகுதிரியும் வைப்பார்கள். அது அன்பினால் செய்வது, அழகுக்காகவும் செய்வது. யூதர் கல்லறைக்குச் சுண்ணாம்பு பூசியது வேறு காரணத்துக்காக. பிணத்தையோ கல்லறையையோ தொட்டால் தீட்டு. தீட்டுப்பட்டவர் பாஸ்காப் பண்டிகையில் சேர முடியாது. அதனால் பண்டிகைக்கு முந்திய மாதத்தில், மழை கழுவிவிட்ட அடையாளத்தை மறுபடி பூசுவார்கள், தூரத்திலிருந்தே ஆட்கள் விலகிப்போக. வெள்ளை நிறம் அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகை. "கிட்ட வராதே" என்று சொல்ல வேண்டிய வெள்ளை, "எவ்வளவு அழகு" என்று ஆட்களைக் கிட்ட இழுக்கிறது. பரிசுத்தமான மனிதர் என்று நம்பி ஒருவரிடம் போய், அங்கே தீட்டுப்பட்டுத் திரும்பி வருகிற அனுபவம் அது.

பரிசேயர் யார்?

நம் பேச்சில் பரிசேயன் என்பது வசைச்சொல். இது அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. பரிசேயர் யூதருக்குள் இருந்த ஒரு பக்தி இயக்கம். பெரும்பாலும் குருக்கள் அல்லாத சாதாரண மனிதர். ஆலயத்தில் குருக்கள் காக்கும் தூய்மையை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் காக்க விரும்பியவர்கள். மகா ஏரோது அரசன் காலத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். சனம் அவர்களை மதித்தது. ஏரோது (அந்த மகா ஏரோதின் மகன்) உம்மைக் கொல்ல மனதாயிருக்கிறான், போய்விடும் என்று இயேசுவை எச்சரித்ததும் சில பரிசேயர்தான் என்று லூக்கா எழுதுகிறார். இயேசுவைத் தேடி வந்த நிக்கொதேமு பரிசேயர். பின்னாளில் அப்போஸ்தலரான பவுல் பரிசேயர். யூத மரபின் தல்மூத் நூலும் ஏழு வகைப் பரிசேயரைப் பட்டியலிட்டுப் போலிப் பக்தியைத் தானே கண்டித்திருக்கிறது.

அதனால் இயேசுவின் கண்டனத்தை ஓர் இனத்தின் மீதோ மதத்தின் மீதோ வீசுவது பெரும் பிழை. கிறிஸ்தவ வரலாற்றில் யூதருக்கு எதிராக அப்படி வீசியிருக்கிறார்கள், அதனால் வந்த கேடு கொஞ்சமல்ல. இயேசு பேசியது ஒரு யூதராக, தன் சொந்த வீட்டுக்குள். லூக்கா 12இல் பரிசேயரின் மாய்மாலமாகிய புளித்தமாவுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்று அவர் சொன்னது யாரிடம்? முதலாவது தன் சீடரிடம்.

சீடர்களின் வழிவந்தவர்களுக்கு இது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. திதாக்கே என்று ஒரு மிகப் பழைய கிறிஸ்தவக் கையேடு உண்டு. அது இப்படிச் சொல்கிறது: மாயக்காரரைப்போல உபவாசிக்காதீர்கள், அவர்கள் திங்களும் வியாழனும் உபவாசிக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள். கேள்வி மனதைப் பற்றியது, பதில் நாட்காட்டியைப் பற்றியதாகிவிட்டது.

தவறி விழுவது வேறு

ஐம்பது ரூபாய்க்குக் கத்திய ஐயாவிடம் வருவோம். அவர் செய்தது மாய்மாலமா? இல்லை. அது கோபம். பொறுமைக் குறைவு. பாவம் என்று வேண்டுமானால் சொல்லலாம். தான் கோபக்காரன் இல்லை என்று அவர் யாருக்கும் காட்டவில்லை. நடுத்தெருவில், எல்லோரும் பார்க்கத்தான் கத்தினார்.

நம்புகிறபடி வாழ முடியாமல் தவறுவதும், வாழ்கிறதாகக் காட்டிக்கொள்வதும் ஒன்றல்ல. நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். மாயக்காரன் அப்படிக் கடிதம் எழுதமாட்டான். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துக்களும் பௌத்தர்களும் வரிசையில் நிற்பார்கள். குடியை விட முடியாமல் வருடக்கணக்காக அதே தூணுக்குப் பக்கத்தில் வந்து அழுகிறவர் இருப்பார். அடுத்த கிழமை மறுபடி குடித்துவிட்டு வருவார். அவரை மாயக்காரன் என்று சொல்கிறவர் நற்செய்தியைத் தலைகீழாக வாசித்திருக்கிறார்.

அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியா, சப்பீராள் கதையும் இதையே காட்டுகிறது. நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, முழுவதும் கொடுத்ததாகக் காட்டினார்கள். நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பணமும் உன் வசத்தில்தானே இருந்தது என்று இயேசுவின் தலைமைச் சீடர் பேதுரு கேட்கிறார். ஒரு பங்குதான் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் ஒரு பங்கு கொடுத்தவன் என்ற பெயரோடு இருந்திருக்கலாம். முழுவதும் கொடுத்தவன் என்ற பெயர் வேண்டியிருந்தது, அங்கேதான் வழுக்கியது.

சாப்பாட்டு மேசை

அந்தப் பேதுருவையே மாய்மாலம் பிடித்த கதை கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. சீரியாவின் அந்தியோக்கியா நகரில் யூதரல்லாத விசுவாசிகளோடு பேதுரு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து, அங்கே சபைத் தலைவராக இருந்த யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்தார்கள். யூதரல்லாதவரோடு சாப்பிடுவதை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று பேதுரு உடனே பயந்து, மெதுவாக மேசையைவிட்டு விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள், பவுலின் துணையாளர் பர்னபாவும் இழுபட்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் எதிர்த்துக் கேட்டார். அவர் பயன்படுத்திய சொல் அந்த நடிகன் என்ற சொல்லின் உறவுதான். பேதுருவின் கொள்கை மாறவில்லை. அறைக்குள் வந்த கண்கள்தான் மாறின.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வெள்ளவத்தையில் என் பெரியம்மாவின் வீடு நினைவுக்கு வரும். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். மாலை ஆறரைக்குச் செபமாலை. வீட்டுவேலைக்கு மலையகத்திலிருந்து வந்த பிள்ளையும் அடுப்படி வாசலில் முழந்தாளிடும். பத்து மணிகளைச் சொல்லும் முறை ஒருவர் மாறி ஒருவர் வரும்போது, அவளுக்கும் ஒரு முறை கிடைக்கும். தெளிவான குரல். செபம் முடிந்ததும் தேத்தண்ணி. எங்களுக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பை. அவளுக்கு ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்த எனாமல் கோப்பை, நீல விளிம்பு உடைந்து கறுத்த இரும்பு தெரியும். கழுவும்போதும் அது மற்றக் கோப்பைகளோடு சேராது.

பெரியம்மா கெட்டவ இல்லை. அவவின் செபம் பொய்யும் இல்லை. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது இரவு முழுக்க விழித்திருந்தா. பிறகு ஒருநாள், ஏன் தனிக் கோப்பை என்று கேட்டதற்கு, "வாற போற சனம் என்ன சொல்லும்" என்றா. அவவின் கண்முன்னே இல்லாத சனத்துக்காக அந்தக் கோப்பை ஜன்னலில் இருந்தது. பாத்திரத்தின் வெளிப்புறத்தைச் சுத்தமாக்குகிறீர்கள் என்ற வசனத்தை அந்த வீட்டில் எத்தனை முறை வாசித்திருப்பார்கள்!

கடவுளின் பெயரில் தப்பித்தல்

இன்னொரு வகை உண்டு. மாற்கு 7இல் வருகிறது. கொர்பான் என்றால் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்த காணிக்கை. உங்களுக்கு நான் செய்யக்கூடிய உதவி கொர்பான் என்று தாய் தகப்பனிடம் சொல்லிவிட்டால், அந்தப் பொருளை அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று ஒரு வழக்கம் இருந்தது. பக்தியின் பெயரால் கடமையிலிருந்து விடுதலை.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. ஒரு உதாரணத்துக்கு: மகன் வெளிநாட்டில் இருக்கிறார், ஊர்க்கோயில் திருவிழாவுக்கு வருடாவருடம் பெரிய தொகை அனுப்புகிறார், அவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. தாய் தெஹிவளையில் ஒரு வாடகை அறையில் பிரஷர் மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்துக் காலத்தை ஓட்டுகிறா. தாயின் மருந்துச் சிட்டையில் யாரும் உபயகாரர் பெயர் போடுவதில்லை. இப்படி எத்தனை வீடுகள்.

பார்வையாளர் மாறுவது, உள்ளே உள்ளதை விட்டு வெளியே உள்ளதை மட்டும் கழுவுவது, கடவுளின் பெயரில் மனிதரைக் கைவிடுவது. மாய்மாலம் என்று நற்செய்தி சொல்லும்போது இந்த மூன்றும் சேர்ந்த ஒரு நோயைத்தான் சொல்கிறது.

கொழும்பில் நடந்த ஒன்று

இந்த நகரத்துக்கே இதில் ஓர் அனுபவம் உண்டு. 1656இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். 1796இல் பிரித்தானியர் வரும்வரை அவர்கள் ஆட்சி. கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்து, சீர்திருத்தச் சபையை அரசின் சபையாக்கினார்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கீழ் பதவி வேண்டுமா? ஞானஸ்நானம் வேண்டும். பிறப்பும் கலியாணமும் பாடசாலைத் தோம்பில் பதிவாக வேண்டும். தோம்பு என்பது அக்காலப் பதிவேடு. சொத்துரிமை வழக்கு வந்தால் அந்தப் பதிவுதான் பேசும். ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள், வீட்டில் பழைய வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். ஒல்லாந்தர் போனதும் அந்தக் கூட்டம் வேகமாகக் கரைந்தது. ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்த வொல்பெண்டால் ஆலயம் இன்றும் கொழும்பில் நிற்கிறது. எத்தனை பேர் மனதார அங்கே மண்டியிட்டார்கள், எத்தனை பேர் காணித்துண்டுக்காக என்று அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

காணியைக் காப்பாற்றத் தலையில் தண்ணீர் வாங்கிய விவசாயியை மாயக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞானஸ்நானத்துக்கு விலை வைத்தவர்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். சுமக்க முடியாத பாரத்தை மனிதர் தோள்மேல் வைத்துவிட்டு, தாங்கள் ஒரு விரலாலும் தொடமாட்டார்கள் என்று மத்தேயு 23 சொல்வது அப்படிப்பட்டவர்களைத்தான்.

அதே காலத்தில் இன்னொரு வேடமும் இருந்தது. கோவாவில் பிறந்த யோசப் வாஸ் அடிகளார் 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். குருவானவர் என்று தெரிந்தால் பிடித்துவிடுவார்கள். கிழிந்த துணியோடு வீடு வீடாகப் போய், மறைவாக இருந்த கத்தோலிக்கரைத் தேடினார், இரவில் பூசை செய்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். வேடம் போட்டவர்தானே அவர்? போட்டார். ஆனால் தான் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டிக்கொண்டார், அதுவும் பிறருக்காக. மாயக்காரன் போடுவது இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும் வேடம், தனக்காக.

புளித்தமா எப்படி வேலை செய்கிறது

புளித்தமா என்ற உவமை அப்பம் சுடுகிற நமக்கு நன்றாகப் புரியும். இரவில் ஈஸ்ட்டோ கள்ளோ கொஞ்சம் விட்டுக் கரைத்து மூடி வைக்கிறோம். சத்தமில்லை, சூடில்லை. காலையில் சட்டி முழுக்கப் பொங்கி நிற்கும். அதிலிருந்து கள்ளை மட்டும் இனி எடுக்க முடியாது. மாய்மாலமும் ஒருவர் தீர்மானித்துச் செய்கிற மோசடியாகத் தொடங்குவதில்லை. ஒருநாள் ஜெபம் நன்றாக இருந்தது என்று யாரோ சொன்னார்கள். அடுத்த முறை ஜெபிக்கும்போது மனதின் ஒரு மூலை அந்த ஆளின் முகத்தைத் தேடியது. அவ்வளவுதான் தொடக்கம்.

ஐந்தாம் நூற்றாண்டுத் துறவி யோவான் கசியான் இதை வெங்காயத்தோடு ஒப்பிட்டார். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொன்று. நல்ல உடை உடுத்திப் பெருமைப்பட்டவன், அதை விட்டு எளிய உடை உடுத்தி அதிலும் பெருமைப்படுவான். மறைவாகச் செய்கிறேன் என்று மறைப்பதிலும் பெருமை வரும்.

கடைசியில் கண் போகிறது. மத்தேயு 23இல் மாயக்காரரே என்று சொல்லும் இயேசு, நடுநடுவே குருடரே என்றும் சொல்லிக்கொண்டே வருகிறார். மற்றவனின் கண்ணில் உள்ள துரும்பு தெரியும், தன் கண்ணில் உள்ள உத்திரம் தெரியாது. நம் வள்ளுவர் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே வைத்து, வஞ்ச மனத்தானைப் பார்த்து அவன் உடலில் உள்ள ஐம்பூதங்களும் அகத்தே நகும் என்றார். அந்தச் சிரிப்பாவது கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் நல்லது.

அதனால்தான் கதவைப் பூட்டு, முகத்தைக் கழுவு என்று இயேசு கையால் செய்கிற காரியங்களைச் சொன்னார். யாருக்கும் தெரியாத ஒரு தர்மம், யாரும் கேட்காத ஒரு ஜெபம் வாழ்க்கையில் இருந்தால், மற்றவை யாருக்காக நடக்கின்றன என்பது தானே தெரிய வரும்.

விபூதிப் புதன்

கத்தோலிக்கருக்குத் தவக்காலம் தொடங்கும் நாள் விபூதிப் புதன். பூசையில் வாசிக்கும் நற்செய்தி எது தெரியுமா? உபவாசத்தில் முகத்தைக் கழுவு என்கிற அதே மத்தேயு 6. அதை வாசித்த சற்று நேரத்தில், எல்லோர் நெற்றியிலும் சாம்பல் பூசுகிறார்கள்!

முரண்பாடு என்று சிலர் சிரிப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சாம்பல் பக்தியின் பதக்கம் இல்லை. மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று சொல்லிப் பூசுவது. அதைப் பதக்கமாக்குவதும் ஆக்காமல் இருப்பதும் நெற்றிக்கு உள்ளே நடக்கிறது. கழுவுவதும் நல்ல மனதோடு நடக்கலாம், பயத்தாலும் நடக்கலாம். பேதுரு மேசையைவிட்டு எழுந்ததுபோல. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது.

ஒரு விபூதிப் புதன் காலை, பூசை முடிந்து ஆலய முற்றத்துக் குழாயடியில் ஓர் அம்மா முகம் கழுவிக்கொண்டிருந்தா. பக்கத்தில் பாடசாலைச் சீருடையில் மகள்.

"ஏன் அம்மா அழிக்கிறீங்கள்?"

"வேலை செய்யிற இடத்தில கேப்பினம். கேட்டா நான் விளக்கஞ் சொல்லத் தொடங்கிடுவன்."

மகள் தன் நெற்றியை விரலால் தொட்டுப் பார்த்தாள். கழுவவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டால் என்ன சொல்வாய் என்று தாய் கேட்க, "சாம்பல் எண்டு சொல்லுவன்" என்றாள். தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டா. பஸ் வந்தது, இருவரும் ஏறிப் போனார்கள்.